கல் தேடப் போகிறீர்களா? மண்வெட்டியைவிடக் கண்ணை நம்புங்கள்

அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டி, உழுதுபோட்ட காடு மாதிரி 37 ஏக்கர் நிலம் கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வைரம் தேடலாம். கிடைத்தால் கண்டெடுத்தவருக்கே சொந்தம். க்ரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ் மாநிலப் பூங்கா என்பது அதன் பெயர். ஜான் ஹடில்ஸ்டன் என்ற விவசாயி 1906-ல் தன் நிலத்தில் வைரத்தைக் கண்டார். 1972-ல் அது மாநிலப் பூங்கா ஆனது. அதற்குப் பிறகு மட்டும் பார்வையாளர்கள் 35,000-க்கு மேற்பட்ட வைரங்களை எடுத்திருக்கிறார்கள்.

டல்லாஸ் பக்கம் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு வார இறுதியில் போய்வரும் தூரம்தான். அட்லாண்டாக்காரர்களுக்கு வட கரோலினாவின் ஃப்ராங்க்ளின் இருக்கிறது, மாணிக்கமும் நீலக்கல்லும் தேட. நியூஜெர்சிக்காரர்களுக்கு நியூயார்க் மாநிலத்தின் ஹெர்க்கிமர். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நல்ல இடங்கள். ஆனால் போகிறவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். அதிர்ஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் வந்த கல்லையே கவனிக்காமல் தூக்கிப் போடுவதும் நிறைய நடக்கிறது. மண்வெட்டி பிடிக்கத் தெரியாததால் வரும் நஷ்டம் குறைவு; பார்க்கத் தெரியாததால் வருவதுதான் அதிகம்.

எந்த வகை இடம் என்று கேட்காமல் போவது

ஃப்ராங்க்ளின் வட்டாரத்தில் கவ்வீ பள்ளத்தாக்கு என்று ஒன்று உண்டு. அந்த மண்ணில் நிஜமாகவே மாணிக்கம் உண்டு. ரோடோலைட் என்ற ரோஜா நிற கார்னெட்டை 1890-களில் முதலில் விவரித்ததும் அங்கே கிடைத்த கற்களை வைத்துத்தான். ஆனால் மண்ணை வாளிக்கணக்கில் விற்று அலச விடும் சுரங்கக் கடைகள் அங்கே எல்லாமே அந்த மண்ணைத்தான் தருகின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் தருவது 'செறிவூட்டிய' வாளி. அதாவது பிரேசில், மடகாஸ்கர், இந்தியா என்று எங்கிருந்தோ வந்த கற்களை மண்ணோடு கலந்து வைத்திருப்பார்கள். நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போன கல்லை, நாமும் விமானமேறிப் போய், காசு கொடுத்துக் கழுவி எடுத்துவருவோம்!

இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பலகையிலேயே எழுதியிருப்பார்கள், கேட்டாலும் சொல்வார்கள். நாலைந்து வயதுக் குழந்தைக்கு அந்த வாளிதான் சரி. ஒவ்வொரு தடவை அலசும்போதும் ஏதாவது ஒரு வண்ணக்கல் வரும், பிள்ளை குதிக்கும். தவறு எங்கே என்றால், பெரிய வாளி வாங்கினால் பெரிய மதிப்புள்ள கல் வரும் என்று நம்பி நூறு, இருநூறு டாலர் கொட்டுவதில்தான். மண்ணின் சொந்தக் கல்தான் வேண்டும் என்றால், "இது இந்த இடத்து மண்ணா, கலந்ததா?" என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். சொந்த மண் வாளியில் வாளிவாளியாக ஒன்றுமே வராமல் போகலாம். அதையும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது.

ஹெர்க்கிமர் கதை வேறு. அங்கே கிடைப்பது வைரமே இல்லை, இரண்டு முனையும் கூராக வளர்ந்த பளிங்கு, அதாவது குவார்ட்ஸ் படிகம். 'ஹெர்க்கிமர் டைமண்ட்' என்ற பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அங்கே மண் அலசும் வேலை குறைவு. கெட்டியான டோலமைட் பாறையைச் சம்மட்டியால் உடைத்துப் பொந்துகளைத் திறக்க வேண்டும். வீட்டில் ஆணி அடிக்கும் சுத்தியலைக் கொண்டுபோகாதீர்கள்; அதன் விளிம்பு தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பெரியவரும் உடைக்கக் கூடாது, பக்கத்தில் பிள்ளைகளும் நிற்கக் கூடாது.

காலையிலிருந்து தோண்டிக்கொண்டே இருப்பது

ஆர்கன்சாவுக்குத் திரும்புவோம். அங்கே முதல் முறை போகிறவர்கள் வாடகைக்கு ஒரு மண்வெட்டி எடுத்ததும் செய்வது, ஆள் இறங்கும் அளவுக்குக் குழி வெட்டுவது. ஜூலை வெயிலில், நிழலே இல்லாத களிமண் நிலத்தில். மத்தியானத்துக்குள் அப்பாவுக்கு முதுகு போயிருக்கும், பிள்ளைகள் காரின் ஏசிக்குப் போயிருப்பார்கள்.

அந்த நிலம் ஒரு பழைய எரிமலைக் குழாயின் வாய். லாம்ப்ராய்ட் என்ற அந்தப் பாறை சிதைந்து மண்ணானபோது, அதிலிருந்த வைரம் சிதையாமல் தங்கிவிட்டது. பூங்கா ஊழியர்கள் அவ்வப்போது உழுது புரட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஒரு நல்ல மழை பெய்தால் மேல்மண் கழுவப்பட்டு, கனமான கற்கள் மேலே தெரியும்படி நிற்கும். வைரத்தில் தண்ணீரும் மண்ணும் அவ்வளவாக ஒட்டாது. அதனால் சுற்றியுள்ள கல்லெல்லாம் சேறு பூசிக்கிடக்க, அது மட்டும் கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஆகவே போகும் தேதியை விடுமுறையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், மழையையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மழை விட்டு வெயில் வந்த நாள் உத்தமம். பழைய செருப்போ ரப்பர் பூட்ஸோ போட்டுப் போங்கள், அந்தச் சேறு லேசில் விடாது.

2024 ஜனவரியில் பாரிஸிலிருந்து வந்த ஒருவர் இப்படித்தான். ராக்கெட் ஏவுவதைப் பார்க்க அமெரிக்கா வந்தவர், வழியில் இந்தப் பூங்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். முதலில் தோண்டினார். அலுத்துப்போய், மத்தியானத்துக்கு மேல் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்க ஆரம்பித்தார். கிடைத்தது 7.46 காரட் பழுப்பு வைரம். சில நாள் முன்புதான் நல்ல மழை பெய்திருந்தது.

சல்லடையை நிரப்புவது

மழை இல்லாத நாளில் சல்லடைதான் வழி. இந்த இடத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அரிசியில் கல் அரிக்கும் பாட்டியைப் பார்த்திருந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. தண்ணீரில் ஆட்ட ஆட்டக் கனமானது அடியில் தங்கும், லேசானது மேலே வரும். அங்கே கல்லை விட்டுவிட்டு அரிசியை எடுப்போம். இங்கே அரிசியை விட்டுவிட்டுக் கல்லை எடுக்க வேண்டும். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் சாதாரணப் பளிங்கு 2.65, வைரம் 3.5, மாணிக்கம் 4. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் முழு வேலையும்.

மேலே கால் அங்குலக் கண் உள்ள சல்லடை, அதன் அடியில் பொடிக்கண் சல்லடை. இரண்டையும் சேர்த்து மண்ணைப் போட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். முதல் தவறு, கொடுத்த காசுக்கு வேலை முடிய வேண்டுமென்று சல்லடை நிறைய மண்ணைக் குவிப்பது. நிரம்பினால் கற்கள் நகர இடமிருக்காது, கனம் பிரியாது. பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். இரண்டாவது, களிமண் உருண்டைகளைக் கரைக்காமல் விடுவது. உருண்டைக்குள் வைரம் இருந்தால் உருண்டையோடு குப்பைக்குப் போகும். கையால் பிசைந்து, தண்ணீர் கலங்காமல் வரும் வரை அலச வேண்டும்.

மூன்றாவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல் சல்லடையைப் பார்த்து எடுத்து வைத்த பிறகு, பொடிச் சல்லடையைத் தண்ணீருக்குள் பக்கவாட்டில் ஆட்டி, கொஞ்சம் திருப்பி, மறுபடி ஆட்டி, இடையிடையே மேலும் கீழும் மெதுவாக எகிற விட வேண்டும். இப்படிப் பல சுற்று செய்தால் கனமான சரளை நடுவில், அடியில் சேரும். பிறகு சமதளத்தில் ஒரே வீச்சில் சல்லடையைக் கவிழ்க்க வேண்டும். தயங்கித் தயங்கிக் கவிழ்த்தால் சேர்த்ததெல்லாம் சிதறிப்போகும். சரியாகக் கவிழ்த்தால் அடியில் இருந்தது இப்போது மேலே, நடுவில் இருக்கும். பார்க்க வேண்டியது அந்த நடுப்பகுதியை. நிறையப் பேர் கவிழ்க்காமலே மேலோட்டமாகத் துழாவிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று கொட்டிவிடுகிறார்கள்.

நகைக்கடை வைரத்தைத் தேடுவது

பட்டை தீட்டிய கல் மின்னும். மண்ணிலிருந்து வரும் கல் மின்ன வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆர்கன்சாவில் கிடைக்கும் வைரங்கள் வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று இருக்கும். விளிம்புகள் உருண்டு, தேய்த்த கண்ணாடித் துண்டு போலவோ எண்ணெய் தடவிய உலோகம் போலவோ பளபளக்கும். சராசரி அளவு ஒரு தீக்குச்சித் தலை. கால் காரட் என்றால் 0.05 கிராம்தான். கோலிக்குண்டு அளவில் தேடினால் அதன் மேலேயே நடந்து போய்விடுவோம்.

2020 செப்டம்பரில் ஒருவர் அங்கே பொறுக்கிய கற்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பும் நேரம். உடன் வந்த தோழி தன் கற்களை ஊழியர்களிடம் காட்டப் போனதால் இவரும் காட்டினார். கண்ணாடித் துண்டு என்று அவர் நினைத்திருந்தது 9.07 காரட் வைரம்! பூங்காவாக ஆன பிறகு கிடைத்ததில் இரண்டாவது பெரியது. அடையாளம் சொல்லும் சேவை அங்கே இலவசம். அதைப் பயன்படுத்தாமல் காரில் ஏறுவதைப் போன்ற வீண் வேறில்லை.

கவ்வீயில் தேடும் மாணிக்கமும் அப்படித்தான். ரத்தச் சிவப்பாக எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள். பெரும்பாலும் மங்கின ஊதா கலந்த இளஞ்சிவப்பில், ஆறுபட்டைப் படிகமாகவோ உடைந்த துண்டாகவோ இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். அழகாகக் கண்ணாடிபோல் சிவந்து வருவது பெரும்பாலும் கார்னெட். ஒரு சின்னப் புற ஊதா டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். மாணிக்கம் பல நேரம் அந்த ஒளியில் சிவப்பாக ஒளிரும், கார்னெட் பொதுவாக ஒளிராது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. கண்ணை நோக்கி மட்டும் அடிக்க விடாதீர்கள்.

'சோதிக்கிறேன்' என்று உடைப்பது

வைரம் கெட்டி, சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே சுற்றுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கீறலைத் தாங்குவது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரம் சில திசைகளில் சுலபமாகப் பிளக்கும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் வீண்தான். சாதாரணப் பளிங்கே கண்ணாடியைக் கீறும், அதனால் ஒன்றும் நிரூபணமாகாது. கிடைத்ததையெல்லாம் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதும் கூடாது, கெட்டியான கல் மற்றதைக் கீறிவிடும். மூடியுள்ள காலி மாத்திரை டப்பி போதும். எந்த இடம், எந்தத் தேதி என்று ஒரு சீட்டையும் உள்ளே போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளை வேலைக்காரர்களாக நடத்துவது

2023-ல் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி வெயில் தாங்காமல் வேலியோரப் பாறைகளிடம் போய் உட்கார்ந்தாள். அங்கேயே 2.95 காரட் வைரத்தை எடுத்தாள். 2013-ல் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வந்து பத்து நிமிடத்தில் 5.16 காரட் கிடைத்தது. இவை விதிவிலக்குகள், சரி. ஆனாலும் குழந்தைகளின் கண் தரைக்கு அருகில் இருக்கிறது. நமக்குக் குப்பையாகத் தெரிவதை அவர்கள் குப்பை என்று ஒதுக்குவதில்லை. "அது வெறும் கல்லுடா, போடு" என்று சொல்வதை நிறுத்தினாலே பெரிய விஷயம். பூங்காவில் அமெதிஸ்ட், ஜாஸ்பர், அகேட், கார்னெட்டும் கிடைக்கும். அவர்களுக்கு அதுவும் புதையல்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர்களை வெயிலில் வைக்காதீர்கள்.

கிடைத்த பிறகு

கிடைத்ததும் அடுத்த யோசனை, "பட்டை தீட்டி மோதிரம் செய்யலாமா?" கொஞ்சம் பொறுங்கள். 1924-ல் ஆர்கன்சாவின் அந்த நிலத்தில் கிடைத்த 'அங்கிள் சாம்', அமெரிக்காவில் கிடைத்த வைரங்களிலேயே பெரியது, 40.23 காரட் கல், வெட்டிய பிறகு 12.42 காரட். 1990-ல் கிடைத்த 3.03 காரட் கல் வெட்டிய பின் 1.09. தீக்குச்சித் தலை அளவுள்ள கல்லை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடலாம். பூங்கா தரும் சான்றிதழோடு, இயற்கையான உருவத்திலேயே வைத்திருப்பதுதான் என் கட்சி. ஃப்ராங்க்ளின் கடைகளில் கூலிக்குப் பட்டை தீட்டித் தருகிறேன் என்பார்கள். கூலி கல்லின் விலையைத் தாண்டிவிடும் வாய்ப்பு அதிகம்.

ருசி கண்ட பூனையாய் அப்புறம் போகிற இடமெல்லாம் கல் பொறுக்கத் தோன்றும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் பொதுவாக ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது, தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி வேண்டும்.

ஆர்கன்சா பூங்காவில் நேரம் போதவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். சலித்த சரளையை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து காலன் வாளி ஒன்று வீதம் வீட்டுக்கு எடுத்துப்போக விடுகிறார்கள். மேசையில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில், பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். கழுவுகிற தண்ணீரை மட்டும் சமையலறை சிங்க்கில் ஊற்ற வேண்டாம். அந்தக் களிமண் குழாயை அடைத்தால், பிளம்பருக்குக் கொடுக்கும் காசுக்கு இன்னொரு முறை மர்ஃப்ரீஸ்பரோ போய்வரலாம்.