புது லேப்டாப் தோசைக்கல்லாகச் சுடுகிறதா?

வாங்கி இரண்டே மாதத்தில், பிரவுசரைத் திறந்தாலே சுடுகிறது என்றால் கூலிங் பேட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். முதலில் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அந்த மாடலில் குறை இருப்பதாக அவர்களே அறிவித்திருக்கிறார்களா என்று பாருங்கள். 2015 முதல் 2017 வரை விற்ற சில 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரி அதிகமாகச் சூடாகலாம் என்று 2019இல் ஆப்பிளே இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

என்னுடையது வேறு கம்பெனி. உள்ளே இருக்கும் சூட்டைக் கடத்தி வெளியேற்றும் ஹீட்சிங்கின் திருகு ஒன்று சரியாக முடுக்கப்படாமலே வந்திருந்தது. சும்மா இருக்கும்போதே 90 டிகிரி காட்டியதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். சர்வீஸ் சென்டரில் எனக்காகப் பேசியது அதுதான். அங்கே புகாரைப் பதிந்து தரும் ஜாப் ஷீட்டில் 'ஓவர்ஹீட்டிங்' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாரண்டி இருக்கும்வரை நீங்களே கழற்ற வேண்டாம். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம், டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள்.