ரப்பர் பால் கலவை: அளவு ஒத்துப்போகிறது என்ற ஆட்சேபணையைத் தாண்டியது

குலசேகரம் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் பால் கெடாமல் இருக்க, அம்மோனியாவோடு ஒரு துணைப்பொருள் சேர்த்த கலவைக்குக் காப்புரிமை கேட்டிருந்தேன். நான் கேட்டது 0.1 முதல் 0.4 சதவீத அம்மோனியா. அதே துணைப்பொருளுள்ள பழைய காப்புரிமையில் 0.2 முதல் 0.7. துறை தெரிந்தவர் அளவைக் கூட்டிக் குறைத்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார் என்றது காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை. பதில் தர 6 மாதம் அவகாசம்.

கேட்ட அளவு வரம்பைச் சுருக்கினால் போதும் என்பார்கள். போதாது, பக்கத்து எண்தானே என்று அதே கேள்வி திரும்ப வரும். ஒரே நாள் வெட்டிய பாலை ஜாடிகளில் பிரித்து 0.10, 0.15, 0.20, 0.30 சதவீத அம்மோனியா என்று, பழைய காப்புரிமை தொடங்கும் 0.2 எல்லைக்கு இருபுறமும் வைத்தேன். அம்மோனியா மட்டும், துணைப்பொருள் மட்டும், இரண்டும் சேர்த்தும் வைத்தேன். ஏனென்றால் பொருள்களின் தனித்தனிக் குணங்கள் மட்டுமே கூடிய வெறும் கலவையைக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஏற்காது. நாற்றத்தை மூக்கால் பார்த்து எழுத முடியுமா? பால் எவ்வளவு கெட்டது என்று காட்டும் ஆவியாகும் கொழுப்பு அமில அளவை (VFA எண்) ஆய்வகத்தில் எடுத்தேன்.

அம்மோனியா கூடினால் பால் நன்றாக நிற்கும் என்பதுதான் எல்லோர் கணக்கும். இங்கே இரண்டும் சேர்ந்த ஜாடிகளில் 0.15 வரை பால் தெளிவாக ஓடியது, 0.20-இல் கெட்டியாகத் தொடங்கியது. கோரிக்கையை 0.10–0.15 என்று திருத்தினேன். நான் முதலில் கொடுத்த விவரணத்திலேயே 0.15 உதாரணமாக இருந்ததால், அதில் இல்லாததைத் திருத்தத்தில் புதிதாகச் சேர்க்க விடாத 59-ஆம் பிரிவும் தடுக்கவில்லை. அட்டவணையோடு பதில் போனது, அந்த ஆட்சேபணை விலகியது.