பக்கவாதம் வந்தவரின் காலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. பக்கவாதத்தில் கால் விழுந்துவிட்டால் ரத்தம் தேங்கி, உள்ளேயே உறையலாம். இதை ஆஸ்பத்திரியில் டி.வி.டி. (DVT) என்பார்கள். அந்த ரத்தக்கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

முதல் வேலை, டாக்டரிடம் ஒரு கேள்வி: மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடலாமா, எப்போது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. நாமாக எந்த மாத்திரையும் தொடங்கக் கூடாது.

அடுத்து, தொடைவரை இறுக்கும் சாக்ஸ். பலரும் முதலில் வாங்குவது இதைத்தான். ஆனால் பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளிவந்த கிளாட்ஸ் (CLOTS) ஆய்வில், போட்டவர்களில் 10.0 சதவீதம், போடாதவர்களில் 10.5 சதவீதம் பேருக்கு ரத்தம் உறைந்தது. பெரிய வித்தியாசமில்லை; தோல் புண்தான் மிச்சம். காலில் உறைபோல மாட்டி, காற்று ஏறி இறங்கும் பம்ப் கருவி வேறு கதை. 2013 ஆய்வில் அது ரத்தம் உறைந்தவர்களை 12.1 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைத்தது. படுக்கையிலிருக்கும் முதல் நாட்களிலேயே இது கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அசைவு. முதல் 24 மணி நேரத்தில் பிடித்து நடக்கவைக்க அவசரப்பட வேண்டாம். டாக்டர் சரி என்றதும் நாற்காலியில் உட்காரவைக்கலாம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதை பிசியோதெரபிஸ்ட்டிடம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றக் கூடாது; ஆனால் விழுங்க முடிகிறதா என்று பரிசோதிக்கும்வரை வாயில் ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வேண்டாம்.

வீட்டில் தினமும் செய்யவேண்டியது அளவெடுப்பது. "வலிக்குதா?" என்று கேட்டு மட்டும் நம்பாதீர்கள்; உணர்வு மரத்திருக்கலாம், பேச்சும் வராமல் இருக்கலாம். தையல்காரர் டேப் போதும். முட்டிக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி, பேனாவால் ஒரு கோடு. இரண்டு காலிலும் அதே இடத்தில் சுற்றளவு எடுத்து, காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு கால் மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் சூடு, சிவப்பு, புது வீக்கம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்.

வீங்கிய காலைக் கண்டதும் எண்ணெய் தேய்த்து நீவிவிடத்தான் நம் கை போகும். வேண்டவே வேண்டாம், கட்டி கழன்றுவிடக்கூடும். திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.