தண்டுவடக் காயம்: வீடு திரும்பும் நாளைத் தள்ளிப்போடுபவை

மரத்திலிருந்து விழுந்தோ வண்டி மோதியோ தண்டுவடம் அடிபட்டால், ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் என்பதை முதலில் தீர்மானிப்பது அடிபட்ட இடம். கழுத்தில் பட்டால் கைகளும் மூச்சுத் தசைகளும் தளரும். இடுப்புக் காயத்தைவிட நாள் கூடும். இது நம் கையில் இல்லை. மற்றது பெரும்பாலும் நம் கையில்தான்.

அதிக நாளை விழுங்குவது படுக்கைப் புண். பிட்டத்தில் புண் வந்தால் உட்கார முடியாது, பயிற்சியே நின்றுபோகும். ஆழமான புண் ஆற மாதக்கணக்காகும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், புரட்டிப் படுக்க வையுங்கள். எலும்பு நிலைப்படும்வரை கழுத்தும் உடம்பும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். நர்ஸ் கற்றுத்தருமுன் புரட்டாதீர்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஓரம் மூன்றையும் தினமும் பாருங்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். காற்று வளையத்தில் உட்கார வைக்காதீர்கள், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

அடுத்தது சிறுநீர்த் தொற்று. டியூப் விட்டுச் சிறுநீர் எடுக்கும் முறை என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். காய்ச்சல், கலங்கல், கால் இழுப்பு கூடுதல் எதுவானாலும் அன்றே சொல்லுங்கள். மலம் கழிக்க, காலை உணவு முடிந்து 20–30 நிமிடத்தில், தினமும் ஒரே நேரம்.

'நடந்த பிறகுதான் வீட்டுக்கு' என்று காத்திருப்பதும் நாளை நீட்டும். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் இருந்தே அறுவை சிகிச்சை செய்தவர். வேலூர் பாகாயத்தின் மறுவாழ்வு மையம் அவர் முயற்சியால் 1966-ல் வந்தது. வீல்சேர் பயிற்சியைச் சீக்கிரம் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சி முடிந்தும் வீடு தயாராகாமல் தங்குபவர்கள் உண்டு. முதல் வாரமே டேப் எடுத்து வீட்டை அளந்து வையுங்கள். வாசல் 1 அடி உயரமென்றால் சரிவுப் பாதை 12 அடி வேண்டும். தெரு இடம் கொடுக்காவிட்டால் நடுவில் மேடை வைத்துத் திருப்புங்கள். கதவுத் திறப்பு 32 அங்குலம். கவனிக்க ஒருவர் போதாது, இருவர் கற்க வேண்டும். மார்புக்கு மேல் அடிபட்டவருக்கு வியர்வை சரியாக வராது. வேலூர் வெயிலில் ஷீட் கூரை அறை ஆபத்து. வெயிலில் நின்ற வீல்சேரின் இரும்பு, உணர்வில்லாத தோலைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது.