நோட்டு ஓரத்தில் கிடைத்த விடை

எங்கள் அலுவலகத்தில் பதிவேடு கணினிக்கு மாறியது. ஆனாலும் எல்லோரும் பழைய நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தேன், பலனில்லை. அப்புறம் அந்த நோட்டையே வாங்கிப் படித்தேன். ஓரமெல்லாம் குறிப்புகள்: ‘மாலையில்தான் போனை எடுப்பார்’, ‘பாதிப் பணம் வந்தது, மீதி அடுத்த வாரம்’. புதிய திரையில் இவற்றுக்கு இடமே இல்லை! அவர்களுடையது பிடிவாதமே இல்லை. வேலைக்குத் தேவையானதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

சரி, குறிப்புக்கென்று ஒரு கட்டம் சேர்க்கவைத்தேன். ஒரு மாதம் இரண்டிலும் எழுதி, தினமும் மாலையில் ஒப்பிட்டோம். எல்லா மாற்றமும் இப்படிப் படிப்படியாக நடக்க முடியாது: சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று ஒரே நாளில் இடப்பக்கப் போக்குவரத்திலிருந்து வலப்பக்கப் போக்குவரத்துக்கு மாறியது. சாலையில் வேறு வழியில்லை. ஆனால் பதிவேட்டில் பழையது, புதியது இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். கணக்கு தொடர்ந்து ஒத்துவந்த பிறகுதான் நோட்டை மூடினோம்.