பொறுப்பில் இருக்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தென்கடல் கரையிலிருந்து

மண்டபம் பக்கம் ஒரு மீனவர் தெருவில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஆறு வருடம் ஊக்குநராக, அதாவது குழுவை முன்னின்று நடத்துபவளாக இருந்தேன். முதல் வருடம் முழுக்கக் குழுவின் கணக்கு நோட்டு என் தலையணைக்கு அடியில்தான் கிடந்தது. யார் கட்டினார்கள், யார் பாக்கி என்பது எனக்கு மட்டுமே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விளக்கைப் போட்டுக் கூட்டிப் பார்ப்பேன். இப்படி இருப்பதுதான் பொறுப்பு என்று நம்பினேன். இன்று கருவாட்டுக் களத்திலும் இறால் கம்பெனியிலும் ஊராட்சியிலும் பொறுப்புக்கு வருகிற தங்கச்சிகள் பலரிடம் அதே நம்பிக்கையைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றத் தவறுகளுக்கெல்லாம் வேர், தனியாகச் சுமப்பது. குழுக்களுக்குச் சொல்லித் தருகிற ஐந்து விதிகள் உண்டு: ஒழுங்காகக் கூடுவது, சேமிப்பது, குழுப் பணத்திலிருந்தே உறுப்பினருக்கு உள்கடன் கொடுப்பது, அதைத் திருப்புவது, கணக்கை அன்றன்றைக்கு எழுதுவது. ஒருத்தியே எழுத வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கூட்டத்திலேயே எழுதி, எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினால் எழுத்துத் தெரியாத அக்காவுக்கும் கணக்கு விளங்கிவிடும். சந்தேகமும் உங்கள் மேல் விழாது. என்னை வாட்டியதில் பாதி, "நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ" என்ற பயம்தான்.

கையிலிருந்து போட்டுக் கட்டுவது அதைவிட மோசம். "அக்கா, இந்த மாசம் மட்டும் போட்டு விடுங்க, படகு இறங்கினதும் தந்துடுறேன்" என்று வாசலில் வந்து நிற்பார்கள். மனசு கேட்காது. அப்படி மூன்று பேருக்குக் கட்டி, நான்காவது மாதம் என் தோட்டை அடகு வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. வாங்கிய கடனைவிட மறைத்த விஷயம்தான் நெஞ்சை அழுத்தியது. இத்தனைக்கும் நம் கரையில் பணம் எப்போது வறளும் என்பது முன்கூட்டியே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் வரத்துக் குறைந்தால் மீன் வெட்டும், காயப்போடும், கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கும் வேலை சுருங்கிவிடும். ஆகவே மாசி மாதக் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். உள்கடனுக்கு அந்த இரண்டு மாதம் வட்டி மட்டும் போதுமா, வங்கித் தவணைக்கு இப்போதிருந்தே கொஞ்சம் ஒதுக்கலாமா என்று கேட்டு, தீர்மானமாக எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் வாசலில் நிற்பவரிடம், "நாம எழுதி வச்சிருக்கோமே" என்றால் போதும்.

ஓய்வெடுத்தால் பேர் கெட்டுப்போகும் என்று நினைக்கிறவர்கள், பாம்பன் சின்னப்பாலத்துக் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிக்கிற வேலை அவர்களுடையது. 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வந்த பிறகு கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. அவர்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை என்று தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். அவர்களின் தலைவி லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காக்கிற சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது. மாதத்தின் மீதி நாள்கள் பாசி மறுபடி தழைக்க என்று விட்டவை. உடம்பும் அதில் தேறும். ஒருத்தி மட்டும் வேலைக்குப் போகாவிட்டால் ஊர் பேசும். எல்லாரும் சேர்ந்து நாள் குறித்தால் யார் பேசுவது? உங்கள் குழுவிலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் குழு விஷயமாகப் போன் செய்வதில்லை என்று தீர்மானம் போடலாம். நாங்கள் போட்டோம்.

உடம்பு சொல்வதை டீயாலும் தலைவலி மாத்திரையாலும் மறைக்காதீர்கள். தூக்கம் போவது, பிள்ளைகள் மேல் காரணமில்லாத எரிச்சல், பிடரி வலி, படபடப்பு, சாப்பாடு இறங்காமை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்; நெஞ்சு வலி என்றால் அந்த நேரமே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். மனசு சரியில்லை என்றாலே ஏர்வாடி தர்கா என்று பேசிப் பழகிய ஊர் நம்முடையது. அதனால்தான் வாய்திறக்கக் கூச்சம். எனக்கும் இருந்தது.

வேலை இடத்தில் தப்பான பேச்சையோ தொடுதலையோ வேலையோடு வந்த தொல்லை என்று விழுங்க வேண்டாம். 2013-ல் வந்த பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். சிறிய இடம் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார் குழு இருக்கிறது. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, எல்லாப் பயிற்சிக்கும் வங்கிக்கும் தானே போவது. மூன்றாம் வருடம் எங்கள் இரண்டாவது பிரதிநிதியை வங்கிக்கு அனுப்பினேன். செலானில் தேதியைத் தப்பாக எழுதி இரண்டு தடவை திரும்பி வந்தாள். கூடப் போக வேண்டும் என்று கால் பரபரத்தது, போகவில்லை. மூன்றாவது தடவை கட்டிவிட்டு வந்து ரசீதை நோட்டில் தானே ஒட்டினாள். நோட்டு அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.