கல்லூரி குவார்ட்டர்பேக் என்எஃப்எல்லில் தேறுவாரா? ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக் கணிக்கும் முறை

என்எஃப்எல் என்பது அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்; அதன் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2017 டிராஃப்டில் சிகாகோ பேர்ஸ் அணி 2-வது தேர்வாக மிட்ச் டிரபிஸ்கியை எடுத்தது. 10-வது தேர்வாக கன்சாஸ் சிட்டி அணிக்குப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ். மஹோம்ஸ் உச்சிக்குப் போனார், டிரபிஸ்கி நிலைக்கவில்லை என்பது ஊரறிந்த கதை. ஆனால் 2016 கல்லூரி சீசனில் இருவரின் பாஸிங் திறனையும் ஒரே சூத்திரத்தில் (படி 3-ல் வருகிறது) போட்டால் டிரபிஸ்கிக்கு 9.1, மஹோம்ஸுக்கு 9.2 என்று வரும். ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் இருவரையும் பிரிக்கவே முடியாது. அந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனை ஆட்டம், எந்த எதிரணி, என்ன வயது என்று கேட்டால்தான் கணிப்பு தொடங்கும்.

இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கன் ஃபுட்பால். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். கூகுள் ஷீட்ஸ் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைசிப் படிக்கு மட்டும் கொஞ்சம் பைத்தான் தேவைப்படும்.

படி 1: "தேறினார்" என்றால் என்ன?

இதைத் தள்ளிப்போட்டால் பிறகு செய்வதெல்லாம் வீண். நான் பரிந்துரைக்கும் வரையறை இது: முதல் 6 சீசனுக்குள் குறைந்தது 40 ஆட்டங்களைத் தொடக்க வீரராக ஆடியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவருடைய ஏஎன்ஒய்/ஏ+ குறியீடு (ஒரு பாஸ் முயற்சிக்கு எத்தனை யார்டு கிடைத்தது என்பதைத் திருத்தி, லீக்கோடு ஒப்பிடும் எண்) 100 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் கிடைக்கும் இந்தக் குறியீட்டில் 100 என்பது அந்தந்தக் காலத்து லீக் சராசரி. காலப்போக்கில் பாஸிங் விளையாட்டு எளிதாகிவிட்டதால், ஆண்டுக்கேற்பத் திருத்திய குறியீடுதான் வேண்டும்.

6 சீசன் எதற்கு என்றால், ஆரன் ராஜர்ஸை வைத்துப் பாருங்கள். 2005-ல் 24-வது தேர்வாக வந்து, பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் மூன்று ஆண்டு உட்கார்ந்திருந்தார். 5 சீசன் என்று வைத்தால் அவர் கணக்கில் 32 தொடக்க ஆட்டம்தான் இருக்கும். உங்கள் ஷீட் அவரைத் தோல்வி என்று எழுதிவிடும். எந்த வரையறையையும் இப்படித் தெரிந்த நாலைந்து பேர் மேல் முதலில் ஓட்டிப் பாருங்கள். 2007-ன் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸல் 25 தொடக்க ஆட்டத்தோடு போய்விட்டவர். அவர் தோல்விப் பக்கம் விழுகிறாரா என்றும் பாருங்கள்.

படி 2: யாரைச் சேர்ப்பது?

முதல் இரண்டு சுற்றில் தேர்வானவர்கள் மட்டும். 2006 முதல் 2019 வரையிலான டிராஃப்ட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்குச் சராசரியாக நான்கு பேர் என்று ஐம்பதுக்குச் சற்று மேல் வரிசைகள் கிடைக்கும்.

கல்லூரியில் ஆடிய எல்லோரையும் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்தால் மாடல் கெட்டுப்போகும். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கோல்ட் பிரென்னன் 2006-ல் 58 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பாஸ்) எறிந்தவர். டிராஃப்டில் 6-வது சுற்று வரை யாரும் தொடவில்லை. பாஸ் மழை பொழியும் ஆட்டமுறையில் எண்கள் வீங்கும் என்பது ஸ்கவுட்களுக்கு, அதாவது அணிகளுக்காக வீரர்களை எடைபோடுபவர்களுக்கு, தெரியும். அவர்கள் கை, கால், உயரம், வீடியோ எல்லாம் பார்த்து வடிகட்டிய பிறகு மிஞ்சுபவர்களிடம்தான் புள்ளிவிவரம் பேசும். 2006-ல் புள்ளிவிவர ஆய்வாளர் டேவிட் லூயின் தொடக்க ஆட்ட எண்ணிக்கையையும் பாஸ் நிறைவு விகிதத்தையும் (எறிந்ததில் எத்தனை சதவீதம் சக வீரர் கையில் சேர்ந்தது) வைத்துக் கணித்தபோதும் மேல் சுற்றுக்காரர்களோடுதான் நிறுத்திக்கொண்டார்.

இதற்கு ஒரு விலை உண்டு. 2000-ல் 199-வதாக வந்த டாம் பிரேடியையோ, 2022-ல் கடைசித் தேர்வாக 262-வதாக வந்த பிராக் பர்டியையோ இந்த முறை கண்டுபிடிக்காது.

படி 3: பாஸிங் திறன்

திருத்திய யார்டு விகிதம் இதுதான்:

(பாஸ் யார்டு + 20 × டச்டவுன் − 45 × இன்டர்செப்ஷன்) ÷ எறிந்த பாஸ்கள்

இன்டர்செப்ஷன் என்பது எதிரணி பிடித்துவிட்ட பாஸ்.

2019-ல் எல்எஸ்யு அணியின் ஜோ பர்ரோ: 5671 யார்டு, 60 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், 527 பாஸ். மேலே வருவது 6601. 527-ஆல் வகுத்தால் 12.5. அடுத்த ஆண்டு பிஒய்யு அணியின் ஸாக் வில்சன்: 3692 யார்டு, 33, 3, 336 பாஸ். கிடைப்பது 12.6. பர்ரோவை விட ஒரு துளி கூட! வில்சன் 2021-ல் 2-வது தேர்வானார், நியூயார்க் ஜெட்ஸில் நிலைக்கவில்லை. பர்ரோ ஆடியது எஸ்இசி என்ற கல்லூரி அணிகளின் பிரிவில், நாட்டின் மிகக் கடினமான தடுப்பணிகளுக்கு எதிராக. வில்சனின் அணி பெருந்தொற்று ஆண்டில் அவசரமாக மாற்றியமைத்த, பலம் குறைந்த அட்டவணையில் ஆடியது.

படி 4: எதிரணியைக் கணக்கில் எடுப்பது

ஆரம்பநிலையில் எல்லோரும் தாவிவிடும் படி இது. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் பலனும் இங்கேதான் அதிகம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும், அந்த எதிரணி சீசன் முழுக்க மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்த திருத்திய யார்டு விகிதத்தை எழுதுங்கள். நம் ஆள் ஆடிய ஆட்டத்தை அதிலிருந்து கட்டாயம் நீக்க வேண்டும்; இல்லாவிட்டால் அவர் நன்றாக ஆடியதே எதிரணியைப் பலவீனமாகக் காட்டிவிடும். பிறகு அந்தந்த ஆட்டத்தில் அவர் எறிந்த பாஸ்களை எடையாக வைத்துச் சராசரி காணுங்கள்.

கணக்குக்காக: வீரர் 9.0, எதிரணிகளின் சராசரி 8.1, நாட்டுச் சராசரி 7.3 என்று வைப்போம். 8.1-ல் 7.3 போனால் 0.8. அதை 9.0-லிருந்து கழித்தால் 8.2. ஷீட்டில் போக வேண்டியது இந்த 8.2. எஃப்சிஎஸ் எனப்படும் கீழ்ப்பிரிவு அணிகளோடு ஆடிய ஆட்டங்களை முழுதாக நீக்கிவிடுங்கள்.

இந்தத் திருத்தம் மஹோம்ஸின் எண்ணையும் கீழே இறக்கும். அவர் ஆடிய பிக் 12 பிரிவில் தடுப்பு அப்போது தளர்வு.

படி 5: நிறைவு விகிதமும் சிறிய எண்ணிக்கையும்

டிரே லான்ஸ் கல்லூரியில் மொத்தம் எறிந்ததே 318 பாஸ். 208 நிறைவு, அதாவது 65.4%. 318 பாஸில் இந்த விகிதத்தின் பிழை எல்லை இரு பக்கமும் சுமார் 5 புள்ளி. 60-ம் இருக்கலாம், 70-ம் இருக்கலாம். எனவே எல்லோருக்கும் 300 சராசரி பாஸ்களைக் கூட்டிவிடுங்கள். குழுச் சராசரி 62% என்றால் 300-க்கு 186 நிறைவு. 208 + 186 = 394; 618-ஆல் வகுத்தால் 63.8%. ஆயிரத்துக்கு மேல் எறிந்தவரின் எண் இதில் அதிகம் அசையாது. குறைவாக எறிந்தவர் சராசரியை நோக்கி இழுக்கப்படுவார். அதுதான் வேண்டும்.

நிறைவு விகிதத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னாலேயே நிற்பவருக்கு எறியும் எளிய ஸ்கிரீன் பாஸ்கள் அதை ஊதிவிடும். கல்லூரி விதியில் பாஸ் ஆட்டத்தின்போது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் சொந்த அணி லைன்மேன் அந்தக் கோட்டிலிருந்து 3 யார்டு வரை முன்னேறலாம், என்எஃப்எல்லில் 1 யார்டுதான். ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டங்கள் கல்லூரியில் அதனால் எளிதாகின்றன. பாஸ் தூரத் தரவு கிடைத்தால் கோட்டைத் தாண்டிய பாஸ்களை மட்டும் எடுங்கள். மறுபக்கம் ஜோஷ் ஆலனும் இருக்கிறார்: வயோமிங்கில் 56% அளவு, 2018-ல் 7-வது தேர்வு, 2024 சீசனின் எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்). அவரை விதிவிலக்காக ஷீட்டிலேயே வைத்திருங்கள், நீக்காதீர்கள். அவரைப் போல இன்னொருவர் என்று 55% காரர்களுக்கெல்லாம் புள்ளி கூட்டவும் வேண்டாம்.

படி 6: தொடக்க ஆட்டங்களும் வயதும்

டிரபிஸ்கிக்கு கல்லூரியில் 13 தொடக்க ஆட்டம்தான். மஹோம்ஸ் இரண்டு சீசனுக்கு மேல் ஆடியவர். இந்த ஒரு நெடுவரிசைதான் இருவரையும் பிரிக்கிறது. ஆட்டம் கூடக் கூட ஸ்கவுட்கள் பார்த்த குறையும் கூடும். அத்தனைக்குப் பிறகும் மேல் சுற்றில் தேர்வாகிறவர் சோதனையில் தேறியவர்.

2021-க்குப் பிறகு இந்த எண் வேறு பொருளாகிவிட்டது. பெருந்தொற்றால் 2020 சீசன் கணக்கில் சேராது என்று, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ கூடுதல் ஆண்டு தந்தது. 2024-ல் 12-வது தேர்வான போ நிக்ஸ் 61 தொடக்க ஆட்டத்தோடு வந்தார். பழைய 40-ம் இந்த 61-ம் ஒரே அளவுகோலில் நிற்காது. எண்ணிக்கையை 40-ல் வெட்டிவிட்டு, டிராஃப்ட் நாளன்று வயது என்று இன்னொரு நெடுவரிசை வையுங்கள். 24 வயதுக்காரர் 19 வயதுப் பையன்களுக்கு எதிராகக் குவித்த எண் தனி ரகம். பிராண்டன் வீடன் 2012-ல் 22-வது தேர்வாக வந்தபோது அவருக்கு வயது 28.

சாக் (பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைக் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்துவது) பற்றி ஒரு எச்சரிக்கை. கல்லூரிப் புள்ளிவிவரத்தில் சாக்கில் இழந்த யார்டை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள், என்எஃப்எல்லில் அணியின் பாஸிங் கணக்கில். இரண்டையும் ஒப்பிட்டால் கல்லூரிக்காரர் எப்போதும் ஒரு படி அழகாகத் தெரிவார். ஆட்டம் ஆட்டமான தரவு இருந்தால், அழுத்தம் வந்தபோது எத்தனை முறை சாக் ஆனார் என்ற விகிதத்தைத் தனியே பாருங்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் நான் பயப்படுவேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பழக்கம் மேலே போனாலும் கூடவே வரும்.

படி 7: மாடல்

இப்போது நெடுவரிசைகள்: எதிரணி திருத்திய விகிதம், இழுத்த நிறைவு விகிதம், தொடக்க ஆட்டம், வயது, தேர்வு எண்ணின் லாக் (மடக்கை). லாக் எதற்கென்றால் 1-க்கும் 10-க்கும் உள்ள தூரம் 51-க்கும் 60-க்கும் கிடையாது. ஐம்பது வரிசைக்கு ஐந்து நெடுவரிசையே அதிகம். கை அளவு, ஓட்ட வேகம் என்று அடுக்காதீர்கள். அடுக்கினால் மாடல் பழையவர்களை மனப்பாடம் செய்யும், புதியவரிடம் உளறும்.

பைத்தானில் சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (ஆம்/இல்லை விடைக்கு நிகழ்தகவு தரும் முறை) போதும். முதலில் எல்லா நெடுவரிசையையும் சராசரி 0, திட்ட விலக்கம் 1 என்று மாற்றுங்கள். மாடல் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சி மதிப்பை இயல்பான 1-லிருந்து 0.3 அளவுக்குக் குறையுங்கள். குறையக் குறைய மாடல் அடக்கமாகும். கோட் வராதவர்கள் அந்த மாற்றிய எண்களைக் கூட்டி (தேர்வு எண், வயது இரண்டையும் கழித்து) வரிசைப்படுத்தினாலே உருப்படியான பட்டியல் கிடைக்கும்.

படி 8: சோதனை

ஒரு டிராஃப்ட் ஆண்டை முழுதாக ஒதுக்கி, மற்றவற்றில் பயிற்சி கொடுத்து, ஒதுக்கிய ஆண்டைக் கணியுங்கள். 14 ஆண்டுக்கும் இதையே செய்யுங்கள். ஒதுக்கிய ஆண்டு, சராசரி கணக்கிடும்போதும் உள்ளே வரக் கூடாது.

மதிப்பெண்ணுக்கு பிரையர் ஸ்கோர் என்ற அளவு: கணித்த நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (1 அல்லது 0) உள்ள வித்தியாசத்தின் வர்க்கச் சராசரி. மூன்றில் ஒருவர் தேறுகிறார் என்றால், எல்லோருக்கும் 0.33 என்று எழுதினாலே 0.222 வரும். அதைவிடக் குறைந்தால்தான் மாடல் ஏதோ சொல்கிறது. அடுத்து தேர்வு எண் மட்டும் உள்ள மாடலோடு மோதவிடுங்கள். இதில் தோற்றால் உங்கள் புள்ளிவிவர நெடுவரிசைகள் ஸ்கவுட்கள் ஏற்கெனவே சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கின்றன. பெரும்பாலும் 4-வது படியை அரைகுறையாகச் செய்திருப்பீர்கள். அங்கே திரும்பிப் போங்கள்.

புதிய வீரருக்கு 45% வந்தால் 45% என்றே எழுதுங்கள். எந்த அணிக்குப் போவார் என்பது இதில் இல்லை. டேவிட் கார் 2002-ல் புத்தம்புதிய ஹூஸ்டன் அணிக்குப் போய், முதல் சீசனிலேயே 76 முறை சாக் ஆனார். அதை எந்தக் கல்லூரி எண்ணும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. தேர்வு எண் கைக்கு வந்த அன்றே ஷீட்டைத் தேதியோடு நகலெடுத்துப் பூட்டிவிடுங்கள். முதல் சீசன் பார்த்துவிட்டு எடைகளைத் திருத்தினால், அடுத்த ஆண்டு உங்களிடம் கணிப்பு என்று எதுவும் மிஞ்சாது.